மலையடிவாரம் வரை வரவேண்டிய முதலுதவி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

பட்டாசு ஆலைகள் நிறைந்த நம் வட்டாரத்தில் வெடி விபத்து நேர்ந்தால் அடுத்து என்ன செய்வது என்பது படிக்காதவர்க்கும் தெரியும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்வது யார், அடிபட்டவரை எங்கே கொண்டு செல்வது என்று எவரும் நின்று யோசிப்பதில்லை. பல உயிர்களைப் பறிகொடுத்து நாம் கற்ற பாடம் அது. ஆனால் இதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு போன்ற மலையடிவாரங்களில் வாழும் பளியர் இனப் பெண் ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானால் முதலில் யாரிடம் போவாள்? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாச்சாத்தி தரும் பாடம்

தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடியினர் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அவ்வூருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வீடுகள் சூறையாடப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் கொடுமைக்கு ஆளான பெண்களும் இருந்தனர்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லேயே இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் இருந்தும் உதவி வரவில்லை. புகாரைப் பெற வேண்டிய துறைகளே குற்றம் சாட்டப்பட்டு நின்றபோது அப்பெண்கள் எந்தப் படியேறுவர்? தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் வெளிக்கொணர்ந்த பிறகே உலகம் அறிந்தது. 1995-இல் உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது.

நீதி கிடைத்தது உண்மையே. ஆயினும் அது வந்து சேர 31 ஆண்டுகள் ஆயின. முதல் நாளில் கிடைக்க வேண்டிய உதவியை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தர இயலாது.

முதல் மூன்று நாட்கள்

இதில் அறிவியலும் உண்டு. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நன்று. உடலிலுள்ள தடயங்கள் நாளுக்கு நாள் அழிந்துவிடும். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல், ஈரமிருந்தால் நிழலில் உலர்த்திக் காகிதத்தில் பொதிந்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் தங்கித் தடயம் கெடும். வேலைக்குப் போகும் அவசரத்திலும் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியும் இந்நாட்கள் வீணாகிவிடுகின்றன.

உள்ள உரிமைகள்

அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் இலவசச் சிகிச்சை அளித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். போலீஸ் கடிதம் கொண்டுவா என்று திருப்பி அனுப்பக் கூடாது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். பாலியல் வன்கொடுமைப் புகாரில் பெண்ணின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ பெண் காவலர் பதிவு செய்ய வேண்டும். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-இன்படி, விசாரணைக்குச் செல்லும் பெண்ணுக்கும் அவள் துணைக்கு அழைத்துச் செல்பவருக்கும் பேருந்துக் கட்டணமும் அன்றைய படியும் உண்டு. ஒரு நாள் கூலியை இழந்தால் அடுப்பெரியாத வீட்டுக்கு இது சிறிய உரிமையன்று.

செய்ய வேண்டியவை

2015 முதல் ‘சகி’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்ட அளவில் அமைக்கப்பட்டு வருகின்றன. மருத்துவம், சட்ட உதவி, ஆலோசனை, தங்குமிடம் அனைத்தையும் ஓரிடத்தில் தருவது நல்ல திட்டமே. ஆனால் மலையடிவாரத்துப் பெண் மாவட்டத் தலைநகரை அடைய இரண்டு பேருந்தாவது மாற வேண்டும். ஆகவே உதவிதான் அவளிடம் செல்ல வேண்டும்.

மும்பையில் பாந்திரா பாபா மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ‘திலாசா’ மையம் இதற்கு வழிகாட்டுகிறது. காயத்துக்கு மருந்து கேட்டு வரும் பெண்ணிடமே பரிவோடு விசாரித்து ஆதரவு தரும் முறை அது. நம் மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அவ்வாறு செவிலியர்க்குப் பயிற்சி அளிக்கலாம். ஒவ்வொரு குடியிருப்பிலும் அம்மக்களுள் ஒரு பெண்ணையே தேர்ந்து, ஊதியம் தந்து, துணையாளராக நியமிக்கலாம். காட்டை நம்பி வாழ்பவர்கள் காக்கி உடைக்கு அஞ்சுவது இயல்பு. தம்மவள் ஒருத்தி உடன் வந்தால் அச்சம் பாதி குறையும். குற்றம் செய்தவர் அரசு ஊழியர் என்றால், புகாரை உள்ளூர் அலுவலகத்தைக் கடந்து மேலே கொண்டு செல்லும் வழியையும் அத்துணையாளர் அறிந்திருத்தல் அவசியம்.

நம் கடமை

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அரசு அலுவலக வாசலில் கைகட்டி நின்ற பெற்றோரின் பிள்ளைகள். மனு எழுதத் தெரியாததன் வலி நமக்குப் புதிதன்று. அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமை மலையடிவாரத்தில் நடத்துவோம். பெண்கள் உதவிக்கு 181, வன்கொடுமைப் புகாருக்கு 14566, குழந்தைகளுக்கு 1098 என்னும் எண்களை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதுவோம். தீக்காயத்துக்கு ஓடுகிற நம் கால்கள் இந்தக் காயத்துக்கும் ஓடப் பழகட்டும்.