உண்ணிக்கடி அற்பமல்ல

இடம்பெயர்ந்து வந்து கண்டிச் சுற்றுப்புறங்களில் பற்றை வெட்டிக் காணி திருத்துகிறோம். இம்மலைநாட்டில் ‘ரிக்கெற்சியா’ என்னும் கிருமியால் வரும் புள்ளிக்காய்ச்சலை உண்ணிகளே பரப்புகின்றன. நாம் செய்ய வேண்டியவை:

1. வேலைக்கு நீளக் காற்சட்டையும் நீளக்கைச் சட்டையும் அணிவோம்.

2. மாலையில் அக்குள், தொடையிடுக்கு, பிள்ளைகளின் தலை ஆகியவற்றைச் சோதிப்போம். நாய், மாடுகளையும் பார்ப்போம்.

3. ஒட்டிய உண்ணியைச் சுடாமலும் மண்ணெண்ணெய் பூசாமலும், சாவணத்தால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுப்போம். கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவோம்.

இரு வாரங்களுக்குள் காய்ச்சல், தலையிடி, மூட்டுவலி கண்டால், உள்ளங்கையில் செம்புள்ளி தோன்றும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்வோம். “பற்றையில் வேலை செய்தோம்” என்று வைத்தியரிடம் மறவாது சொல்வோம். நோயை அவர் இனங்காண அது உதவும். நேரத்தோடு கொடுத்தால் டொக்சிசைக்கிளின் மருந்தே குணமாக்கும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

சிந்திக்க: சென்ற முறை காய்ச்சல் வந்தபோது வைத்தியரிடம் நாம் எதைச் சொல்லாமல் விட்டோம்?