பெட்டிக்குள் உறங்கிய ஓவியம்

மாணவர்களே, உம்பாயிலிருந்து மலாக்கா நகருக்குப் போனால் செயின்ட் பால் குன்றில் ஏறிப் பார்க்காமல் திரும்ப மாட்டோம். அங்கே கூரையில்லாத பழைய தேவாலயமும், சுவரோரம் லத்தீன் எழுத்துகளைத் தாங்கிச் சாய்ந்து நிற்கும் கல்லறைக் கற்களும் இருக்கின்றன. முன்னால் ஒரு வெண்சிலை. அது புனித பிரான்சிஸ் சவேரியாருடையது.

அவர் தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றியவர். 1545-இல் மலாக்கா வந்தார். 1549-இல் இங்கிருந்தே ஜப்பானுக்குக் கப்பலேறினார். 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். மறு ஆண்டு அவர் உடல் இந்தக் குன்றுத் தேவாலயத்தில் சில மாதங்கள் புதைக்கப்பட்டிருந்து, பிறகு கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

இன்றைய பாடம் அவரைத் தீட்டிய ஓர் ஓவியத்தைப் பற்றியது. அது ஜப்பானின் கோபே நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. தாளில் வண்ணம் தீட்டிய படம். உயரம் சுமார் 61 செ.மீ., அகலம் சுமார் 49 செ.மீ. சவேரியார் மார்பின்மேல் கைகளை வைத்து, சிலுவையை நோக்கி மேலே பார்க்கிறார். அவர் வாயிலிருந்து ஒரு லத்தீன் வரி புறப்படுகிறது: "சாதிஸ் எஸ்த், தோமினே, சாதிஸ் எஸ்த்". "போதும் ஆண்டவரே, போதும்" என்பது அதன் பொருள்.

<b>எழுத்து சொல்லும் காலம்</b>

படத்தின் கீழே அவர் பெயரும் லத்தீனில் உள்ளது. அது 'எஸ்' என்ற எழுத்துடன் தொடங்குகிறது. 'புனிதர்' என்பதற்கான லத்தீன் சொல்லின் சுருக்கம் அது. சவேரியாருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது 1622-இல். ஆகவே படம் அதற்குப் பிறகே தீட்டப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எழுத்தைக் கண்டது உற்றறிதல். காலத்தைச் சொன்னது ஊகித்தல். அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் அதே திறன்கள்தாம்.

ஆனால் ஜப்பானில் 1614-ஆம் ஆண்டிலேயே கிறிஸ்துவ சமயம் தடை செய்யப்பட்டுவிட்டது. இப்படியொரு படம் வீட்டில் இருப்பது உயிருக்கே ஆபத்து. எனவே ஒசாகா அருகே மலைக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பம் இதைப் பெட்டியில் பூட்டி, தலைமுறை தலைமுறையாக மறைத்து வைத்தது. 1920-இல்தான் அது வெளியே வந்தது. சிவப்பும் கறுப்பும் பொன்னிறமும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

<b>இருட்டு செய்த உதவி</b>

நிறமூட்டிகளில் உள்ள மூலக்கூறுகள் ஒளியின் ஆற்றலை ஈர்க்கின்றன. அந்த ஆற்றல் சில மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்கிறது, நிறம் மங்குகிறது. தாவரச் சாயங்கள் விரைவில் வெளுக்கும். பாதரச சல்பைடால் ஆன சிவப்போ, ஒளி பட்டால் கறுக்கவும் கூடும். புற ஊதாக் கதிருக்கு ஆற்றல் அதிகம் என்பதால் சேதமும் அதிகம். இப்படி ஒளி செய்த சேதத்தைத் திருப்ப முடியாது.

சேதம், ஒளியின் செறிவையும் அது படும் நேரத்தையும் பொறுத்தது. ஒரு கணக்குப் போடுவோம். தாள் ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் ஒளியையே அனுமதிக்கின்றன. நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 365 நாள் என்றால்:

50 × 8 × 365 = 1,46,000 லக்ஸ்-மணி

நண்பகல் நேர் வெயிலின் செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதாவது, அருங்காட்சியகத்தில் ஓராண்டு முழுதும் படும் ஒளி, வெயிலில் ஒன்றரை மணி நேரத்திலேயே பட்டுவிடும்!

<b>நம் வீட்டுப் படங்கள்</b>

என் பாட்டி தோட்டத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த முருகன் படம், எங்கள் வீட்டில் சன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தது. சில ஆண்டுகளில் முருகன் முகமே நீலமாகிவிட்டது. அச்சு மைகளில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் முதலில் வெளுக்கும், நீலம் மிஞ்சும். கடை வாசல் சுவரொட்டிகளிலும் இதைப் பார்க்கலாம். போதாக்குறைக்கு, தீபாவளிக்கு வீடு கழுவியபோது நான் ஈரத்துணியால் அந்தப் படத்தைத் துடைத்தேன். தாள் ஊறி, வேலின் நுனி துணியோடு வந்துவிட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இருட்டு மட்டும் போதாது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். காற்றோட்டமில்லாத பெட்டியில் பூஞ்சையும் கரையானும் வந்துவிடும். எனவே:

1. படத்தை நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.
2. விளக்குப் புகையும் எண்ணெயும் எட்டாத தூரத்தில் வையுங்கள்.
3. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே சிறிது இடைவெளி விடுங்கள்.
4. கண்ணாடியை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள், தாளைத் தொடாதீர்கள்.
5. இப்போதே கைப்பேசியில் ஒரு நிழற்படம் எடுத்து வையுங்கள்.

<b>செய்து பார்ப்போம்</b>

ஒரே வண்ணத் தாளை மூன்று துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நாணயத்தை வையுங்கள். ஒன்றை வெயில் படும் சன்னலோரம், ஒன்றை அறை நடுவில், ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து நாணயத்தை எடுத்து, அது மறைத்த இடத்தைச் சுற்றியுள்ள நிறத்தோடு ஒப்பிடுங்கள். தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது? எவற்றைக் கட்டுப்படுத்தினீர்கள்? குறிப்பேட்டில் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் வீட்டுச் சுவரை ஒருமுறை பாருங்கள். தாத்தா பாட்டி கொண்டுவந்த படம் ஏதும் வெயிலில் தொங்கினால், இன்றே இடம் மாற்றுங்கள்.