லேசர் பிரிண்டரில் தாள் சிக்கினால்

பில் அடிக்கும் லேசர் பிரிண்டருக்குள் மைத்தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் உருளை சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். லாரி காத்து நிற்கிறதே என்று சிக்கிய தாளை எடுக்க உடனே கையை விட்டால் விரல் வெந்துவிடும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு, தாள் போகும் திசையிலேயே இரு கைகளாலும் மெல்ல இழுங்கள். கத்தி, ஸ்குரூ டிரைவர் வேண்டாம். அதுவரை சில்லறை பில்லைக் கையால் எழுதிக் கொடுக்கலாம். பழைய பில் புத்தகத்துக்கும் வேலை இருக்கிறது.

கொட்டிய தூளை ஊதாதீர்கள். சாதாரண வாக்குவம் கிளீனரும் கூடாது. நுண்தூள் அதன் வடிகட்டியைத் தாண்டி வெளியே பறக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். கையில் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் தூள் இளகி ஒட்டிக்கொள்ளும்.

கம்ப்யூட்டருக்கான சிறிய யு.பி.எஸ்.ஸில் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். உருளை சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.