முயலின் ஒலிகளும் அவற்றின் பொருளும்

பசு கதறினால் கன்றைத் தேடுகின்றதென்றும், கோழி கொக்கரித்தால் முட்டை இட்டதென்றும் கமக்காரர் யாவரும் அறிவர். இவ்வறிவு ஏட்டிற் கற்றதன்று, காதாற் கற்றது. ஆனால், பிள்ளைகளின் விருப்பத்துக்காக எங்கள் வளவுகளில் வளர்க்கப்படும் முயலை மட்டும் "சத்தம் போடாத பிராணி" எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். இதனாலேயே, மாலையில் மூலையிற் "சும்மா படுத்திருந்த" முயல் மறுநாட் காலையில் இறந்துகிடக்கக் காண்கின்றனர். முயல் பேசாத பிராணியன்று. மெதுவாகப் பேசும் பிராணி. அப்பேச்சை அறிந்துகொள்ளும் முறையை இங்கு விளக்குவோம்.

மெதுவாகப் பேசுவதற்குக் காரணம்

பற்றைகளில் ஓடும் எங்கள் காட்டுமுயல் வேறு. கூட்டில் வளர்க்கும் முயல் வேறு. காட்டுமுயலின் குட்டி உரோமத்துடன், கண் திறந்தபடியே பிறக்கும். வளர்ப்பு முயலின் குட்டியோ உரோமமின்றிப் பிறக்கும். ஏறக்குறைய 10 நாட்களின் பின்னரே கண் திறக்கும். இதன் முன்னோர் ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளில் நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. பல பிராணிகளுக்கு இரையாக வாழ்ந்த இவ்வினம், நோயையும் நோவையும் மறைக்கப் பழகியது. நோவைக் காட்டும் முயலைப் பகைப்பிராணி எளிதிற் கண்டுகொள்ளும். ஆதலின் அதன் ஒலிகள் சிறியன. கூட்டின் அருகிலிருந்தே கேட்டல் வேண்டும்.

ஒலிகளும் அவற்றின் கருத்தும்

1. பின்காலால் "தொம்" என நிலத்தை அடித்தல்: இது ஆபத்து அறிவிப்பு. வளையிலுள்ள ஏனைய முயல்களுக்கு நிலத்தின் வழியே எட்டும்படி அமைந்த சைகை. இரவில் இவ்வொலி கேட்டால் ரோச் விளக்குடன் சென்று பாருங்கள். மரநாய், பாம்பு, நாய் ஆகியவற்றுள் ஒன்று கூட்டருகே வந்திருக்கலாம். ஒன்றையும் காணாவிடினும் கம்பிவலையையும் கதவின் கொளுக்கியையும் சரிபார்த்தல் நன்று.

2. காதைப் பின்னே மடித்து உறுமுதல்: "என் இடத்துக்கு வராதே" என்பது இதன் பொருள். சினைமுயலும் குட்டியீன்ற தாயும் இவ்வாறு செய்யும். அவ்வேளை கையை நீட்டினாற் கடிக்கும். தாய் முயல் நாளுக்கு ஓரிரு முறை மட்டும், சில நிமிடங்களே பாலூட்டும். எனவே, குட்டிகளைக் கவனியாதிருக்கின்றதெனக் கருதி அடிக்கடி கூட்டைக் கிளறாதீர்கள்.

3. காலைச் சுற்றி ஓடி "ஊங், ஊங்" என முனகுதல்: பெரும்பாலும் இது இணைநாட்டம். உணவைக் கண்ட மகிழ்ச்சியிலும் சில முயல்கள் இவ்வாறு ஒலிக்கும். ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் இருப்பின் ஏறக்குறைய 31 நாட்களிற் குட்டிகளை எதிர்பார்க்கலாம். குட்டிகள் வேண்டாதவர் கூட்டைப் பிரித்துவிடுக.

4. பற்களை மெல்ல உரசுதல்: நெற்றியைத் தடவும்போது, உடல் தளர்ந்து கண் பாதி மூடிய நிலையில், தாடை இலேசாக அசைந்து இவ்வொலி எழும். முயல் மனநிறைவுடன் இருக்கின்றது.

5. பற்களை உரக்க நறநறவெனக் கடித்தல்: இதனை முன்னையதுடன் மயங்கலாகாது. உடலைக் குறுக்கி, முதுகைக் கூனி, தீனைத் திரும்பியும் பாராது முயல் இவ்வாறு கடிக்குமாயின், அது கடும் நோவின் அடையாளம். பெரும்பாலும் வயிற்றிலோ பல்லிலோ கோளாறு இருக்கும்.

6. வீரிட்டு அலறுதல்: உயிருக்கு அஞ்சும்போதோ தாங்கமுடியாத நோவிலோ மட்டும் எழும் ஒலி. முயலைக் காதிற் பிடித்துத் தூக்குவதை முற்றாக விலக்குக. ஒரு கையால் மார்பையும் மறு கையாற் பின்பாகத்தையும் தாங்கியே தூக்கல் வேண்டும். பின்பாகம் தாங்கப்படாத முயல் உதறினால் முதுகெலும்பு முறிந்துவிடும்.

7. தும்மலும் மூச்சிரைப்பும்: இவை பேச்சல்ல, நோய்க்குறிகள். மூக்கு வடிந்து, முன்கால்களின் உட்புறம் நனைந்து ஒட்டியிருப்பின் சுவாசநோய் எனக் கருதுக. சிறுநீர் தேங்கி எழும் நெடி இதனை மோசமாக்கும். வெப்பம் 30 பாகை செல்சியசைக் கடக்கும் நாட்களில் முயல் வாயைத் திறந்து இரைக்குமாயின் வெப்பத் தாக்கு என அறிக. உடனே நிழலுக்கு மாற்றிக் காதுகளைக் குளிர்ந்த நீரால் நனைத்து, வைத்தியரிடம் கொண்டுசெல்லுக. கூட்டைத் தகரத்தின் கீழ் வையாது, கிடுகு வேய்ந்து மரநிழலில் வைத்தல் எங்கள் கோடைக்கு ஏற்றது.

மௌனமும் ஓர் ஒலியே

தீன் இடும்போது ஓடிவரும் முயல் ஒருநாள் அசையாதிருந்தால், அதுவே யாவற்றிலும் பெரிய கூக்குரல். முயலின் குடல் இடைவிடாது இயங்குதல் வேண்டும். அதனால் வாந்தி எடுக்கவும் இயலாது. அரை நாள் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் இருப்பின் உயிருக்கு ஆபத்து; விடியட்டும் எனக் காத்திராதீர்கள்.

இங்கே தோட்டக்காரருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு எருவாக முயற்புழுக்கையை நாள்தோறும் கூட்டி எடுப்பவர், அதன் அளவையும் பருமனையும் பார்த்தே நோயை முன்னறியலாம். புழுக்கை சிறுத்துக் குறைந்தால் அன்றைக்கே முயலைக் கவனியுங்கள்.

குடல் சீராயிருக்க, தீனின் பெரும்பகுதி அறுகு முதலிய புல்லாக இருத்தல் வேண்டும். சோறு, பாண், தவிடு ஆகியவற்றை அளவின்றி இடலாகாது. வெங்காயத்தாள், உருளைக்கிழங்குக் கொடி, தக்காளி இலை ஆகியன முயலுக்கு ஆகா. பூச்சிநாசினி தெளித்த பாத்தியிலிருந்து எந்த இலையையும் கொடாதீர்கள்.

செய்யத்தகாதவை

கோழிக்கோ மனிதருக்கோ வாங்கிய மருந்தை முயலுக்குப் பருக்காதீர்கள். வாய்வழி கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் அதன் குடலிலுள்ள நன்மைதரும் நுண்ணுயிர்களை அழித்து மரணத்தை விளைக்கக்கூடும். பல்லை நறநறக்கும் முயலையும் உண்ணாத முயலையும் தாமதமின்றி உங்கள் பகுதி மிருகவைத்தியரிடம் காட்டுங்கள். எப்போதிருந்து உண்ணவில்லை, புழுக்கை எவ்வாறிருந்தது, என்ன ஒலி கேட்டது என்னும் மூன்றையும் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அவை பெரிதும் உதவும்.

ஒரு பயிற்சி

முயல் வைகறையிலும் அந்தியிலுமே சுறுசுறுப்பாயிருக்கும். ஆகவே, இறைப்பு முடிந்து வீடு திரும்பியபின் மாலைதோறும் கால்மணி நேரம் கூட்டருகே பேசாது அமர்ந்திருங்கள். பிள்ளைகளையும் உடன் இருத்திக் கேட்ட ஒலியையும், அவ்வேளை காதும் உடலும் இருந்த நிலையையும் ஒரு கொப்பியில் எழுதச் செய்யுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் முயலின் வழமை தெரிந்துவிடும். வழமை தெரிந்தவருக்கே மாற்றமும் தெரியும். மாற்றம் தெரிந்தவரே காலத்தில் உதவமுடியும்.