ஒரே பெஞ்சு

மதரசா என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பள்ளிவாசல் அருகில் சின்னப் பிள்ளைகள் குர்ஆன் ஓதும் இடம். நம் ஊர்களில் அப்படித்தான். ஆனால் அரபு மொழியில் மதரசா என்றால் பள்ளிக்கூடம் என்றுதான் பொருள்.

மேற்கு வங்காளத்தில் 'ஹை மதரசா' என்று ஒரு வகைப் பள்ளி உண்டு. இது அரசு அங்கீகாரம் பெற்ற உயர்நிலைப் பள்ளி. கணக்கு, அறிவியல், வரலாறு, வங்காளம், ஆங்கிலம் எல்லாம் மற்றப் பள்ளிகளைப் போலத்தான். கூடவே அரபு மொழியும் இஸ்லாம் பற்றிய பாடமும் உண்டு. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு.

அங்கே முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் படிப்பதில்லை. இந்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இந்து ஆசிரியர்களும் பாடம் நடத்துகிறார்கள். கிழக்கு பர்தமான் மாவட்டத்தில் ஓர்கிராம் என்று ஓர் ஊர். அங்குள்ள ஹை மதரசாவில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள் படிப்பதாக, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்திரிகைகள் எழுதின.

பெற்றோர் ஏன் அனுப்புகிறார்கள்? பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பள்ளி பக்கத்தில் இருக்கிறது. பெண்பிள்ளை நடந்தே போய் வரலாம். பாடம் ஒழுங்காக நடந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இந்துப் பையன் அரபு எழுத்தை வலமிருந்து இடமாக எழுதிப் பழகுகிறான். அவனுக்கு அதுவும் ஒரு பாடம், அவ்வளவுதான்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். அதே மாநிலத்தில் பல பொதுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் சரஸ்வதி பூசை நடக்கும். அங்கே படிக்கும் முஸ்லிம் மாணவி என்ன செய்வாள்? தோழிகளோடு சேர்ந்து தோரணம் கட்டலாம். அன்று வீட்டிலேயே இருந்துவிடலாம். இரண்டும் அவள் விருப்பம்.

இதற்குச் சட்டமும் உண்டு. அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவைக் கேளுங்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், மத போதனைக்கும் வழிபாட்டுக்கும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வயது வராத பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். 29-ஆம் பிரிவின்படி, அரசு நடத்தும் பள்ளியிலும், அரசுப் பணம் பெறும் பள்ளியிலும் மதத்தைக் காட்டி இடம் மறுக்க முடியாது.

ஒரு மதத்தைப் பற்றிப் படிப்பது வேறு. அந்த மதத்தைப் பின்பற்றச் சொல்வது வேறு. நடுவில் உள்ள கோடு மெல்லியது. அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் பொறுப்பு.

ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ஒரே வகுப்பில் இருந்தும் தனித்தனியாக உட்காரும் பிள்ளைகள் உண்டு. பதினைந்து வயதில் பிள்ளைக்குக் கேள்விகள் வரும். "அவன் வீட்டில் நான் சாப்பிடலாமா, அம்மா?" என்று கேட்கும். அப்போது நாம் சொல்லும் பதில்தான் நாளை பெஞ்சில் போய் உட்காரும்.

பேசிப் பாருங்கள்:
உங்கள் பிள்ளையின் வகுப்பில் வேறு மதத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் ஒருவராவது உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டது உண்டா?