மலிவு விலைக் கணினியின் உண்மை விலை

ஈப்போவில் உள்ள கணினிக் கடைகள் சிலவற்றில், சுவரோரமாகக் கறுப்பு நிறப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்னும் பெயர்களைத் தாங்கிய மேசைக் கணினிகள் அவை. வங்கிகளிலும் நிறுவனங்களிலும் சில ஆண்டுகள் உழைத்த பின்னர் மொத்தமாக விற்கப்பட்டவை. கடைக்காரர்கள் அவற்றைத் துடைத்து, சோதித்து, மலிவு விலை ஒட்டி மீண்டும் விற்பனைக்கு வைக்கிறார்கள். புதியதாக இருந்தபோது ஈராயிரம், மூவாயிரம் ரிங்கிட் பெற்ற பொருள் சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது.

இவ்வளவு மலிவாகக் கிடைப்பதால் அது பழுதான பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. பேராவின் தோட்டப்புறங்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரப்பர் மரம் ஏறக்குறைய 25 அல்லது 30 ஆண்டுகள் பால் தந்த பிறகு, தோட்ட நிர்வாகம் அதனை வெட்டிவிட்டு மறுநடவு செய்யும். மரம் செத்துவிட்டது என்பது காரணமன்று. நிர்வாகத்தின் வரவு செலவுக் கணக்கில் அதன் காலம் முடிந்துவிட்டது. அப்படி வெட்டப்பட்ட மரங்கள் ஒரு காலத்தில் விறகாயின. பின்னர் அதே மரம் மேசை நாற்காலிகள் செய்ய உதவும் ஏற்றுமதிப் பொருளாயிற்று. அலுவலகக் கணினியின் கதையும் ஏறத்தாழ இதுவே. நிறுவனத்தின் கணக்கு முடிந்ததும் வெளியேற்றப்பட்ட இயந்திரம், ஒரு மாணவரின் வீட்டில் இன்னும் பல ஆண்டுகள் வேலை செய்யக்கூடும்.

கணினியின் தேவை எவ்வளவு என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் 6 விழுக்காட்டினர். மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காட்டினர். 46 விழுக்காட்டினரிடம் கைப்பேசி இருந்தது. பாடத்தைக் கேட்கக் கைப்பேசி போதும். ஆனால், அதன் சிறு திரையில் கட்டுரை எழுதுவதும் நிரல் எழுதிப் பழகுவதும் எவ்வளவு கடினம் என்பதை அன்று முயன்றவர்கள் அறிவார்கள்.

தோட்டங்கள் மூடப்பட்டபோதும் செம்பனைக்கு மாறியபோதும், சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரங்களிலிருந்து குடும்பங்கள் பல மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு 700 ரிங்கிட் சிறிய தொகையன்று. தவறான பெட்டியை வாங்கிவிட்டால் வேறொன்று வாங்க வழியிருக்காது. ஆகவே, விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் பெட்டிக்குள் எதனை மாற்ற முடியும், எதனை மாற்ற முடியாது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது செயலி. கணினியின் மூளை எனப்படும் செயலியை மாற்ற முடியும் என்றாலும், மலிவுக் கணினியில் அது பெரும்பாலும் ஆதாயம் தராது. விற்பனையாளர் “இது ஐ7, மிகவும் சக்தி வாய்ந்தது” என்று சொல்லக்கூடும். அத்துடன் நின்றுவிடாமல், கோட்டிற்குப் பின்னால் வரும் எண்ணையும் கேட்க வேண்டும். ஐ7-2600 என்றால் அது இன்டெல் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறைச் செயலி, 2011இல் வெளிவந்தது. ஐ3-8100 என்றால் எட்டாம் தலைமுறை; 2017இல் வெளிவந்தது. பெயரில் ஏழு பெரிது, மூன்று சிறிது. ஆயினும் பயன்பாட்டில் பின்னதே இன்றைக்கு உதவும்.

தலைமுறை ஏன் அவ்வளவு முக்கியம்? மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை முறைப்படி ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது. அலுவலகங்கள் பல தங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளைக் கழித்துவிட இதுவும் ஒரு காரணம். நன்றாக ஓடும் இயந்திரம் திடீரென மலிவாவதன் மர்மம் இங்கேதான் இருக்கிறது. அத்தகைய கணினியை வாங்கக் கூடாது என்பதில்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்கள் அதில் நன்றாகவே இயங்கும். தமிழிலும் தட்டச்சுச் செய்யலாம். பள்ளி வேலைக்குத் தேவையான செயலிகள் அதில் கிடைக்குமா என்று மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, சேமிப்பகம். பழைய கணினி மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் செயலி காரணமன்று, வன்தட்டுதான் காரணம். வன்தட்டுக்குள் ஒரு தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. கிராமபோன் ஊசியைப் போன்ற ஒரு சிறு தலை அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். கேட்பதற்குக் குறைவாகத் தெரிந்தாலும், இயங்குதளம் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு தேடல்கள் நடக்கின்றன. எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. அதில் அதே தேடல் நூறு மடங்கு விரைவாக முடியும். இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வைத்த கணினி, அதை மாற்றிய பிறகு அரை நிமிடத்திற்குள் எழுந்துவிடுவது வியப்பில்லை. செலவிடும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் மிகுந்த பயன் தரும் மாற்றம் இதுவே.

நினைவகம், அதாவது ராம், அதற்கு அடுத்த இடம் பெறும். எட்டு ஜிகாபைட் இருந்தால் பள்ளி வேலைக்குப் போதும். பதினாறு இருந்தால் தாராளம். இங்கு இரண்டு செய்திகள். டி.டி.ஆர்.3 வகை நினைவகம் டி.டி.ஆர்.4 துளையில் பொருந்தாது; பள்ளம் வேறு இடத்தில் வெட்டப்பட்டிருக்கும். மற்றொன்று விலை. முன்பெல்லாம் “குறைந்த நினைவகத்தோடு வாங்கி, பிறகு கூட்டிக்கொள்ளலாம்” என்பது நல்ல அறிவுரையாக இருந்தது. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால், உலகெங்கும் அவற்றின் விலை கடுமையாக ஏறியது. இத்தகைய காலத்தில், தேவையான நினைவகம் ஏற்கனவே பொருத்தப்பட்ட பெட்டியை வாங்குவதே சிக்கனம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவையே. முதல் பெட்டி 450 ரிங்கிட்: ஆறாம் தலைமுறைச் செயலி, எட்டு ஜிகாபைட் நினைவகம், பழைய வன்தட்டு. இரண்டாவது 700 ரிங்கிட்: எட்டாம் தலைமுறைச் செயலி, அதே நினைவகம், எஸ்.எஸ்.டி. பார்த்தவுடன் 250 ரிங்கிட் மிச்சம் என்று தோன்றும். முதல் பெட்டிக்கு எஸ்.எஸ்.டி. வாங்க 130 ரிங்கிட் ஆனால் அதன் விலை 580. வேறுபாடு 120 ஆகக் குறைந்துவிடுகிறது. திரை 180, விசைப்பலகையும் சுட்டியும் 40 என்று இரண்டுக்கும் பொதுவான செலவுகளும் உண்டு. அலுவலகக் கணினிகள் பல கம்பி வழி இணையத்திற்கென்றே செய்யப்பட்டவை. கம்பியில்லா இணைய வசதி அவற்றில் இராது. அதற்கொரு சிறு கருவி, 40 ரிங்கிட். ஆக முதல் பெட்டி 840; இரண்டாவது 960. அந்த 120 ரிங்கிட்டுக்கு விண்டோஸ் 11 கிடைக்கிறது. அது வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யலாம். ஆனால், 450க்கும் 700க்கும் இடையே முடிவு செய்வதாக நினைத்துக்கொண்டு முடிவு செய்யக் கூடாது.

மாணவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் விளையாட்டுக்கான வரைகலை அட்டை. கணினியின் அகன்ற துளை தானாக அதிகமாக 75 வாட் மின்சாரத்தையே தரும். அதற்கு மேல் வேண்டிய அட்டைக்கு மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி தேவை. அலுவலகக் கணினியின் மின்வழங்கியோ பெரும்பாலும் 180 முதல் 300 வாட் வரையே கொண்டது. அந்தக் கம்பி அதில் இருக்காது. சரி, மின்வழங்கியை மாற்றலாம் என்றால், கடையில் கிடைக்கும் பொது வகை மின்வழங்கியில் 24 ஊசிச் செருகி இருக்கும். இத்தகைய கணினிகள் சிலவற்றின் தாய்ப்பலகை ஆறு அல்லது எட்டு ஊசிகள் கொண்ட தனக்கே உரிய செருகியைக் கேட்கும். தாய்ப்பலகையை மாற்றினால் பெட்டியில் பொருந்தாது. அதனோடு பிணைக்கப்பட்டிருந்த விண்டோஸ் உரிமமும் போய்விடும். ஓட்டைப் பானையில் நீர் ஊற்றிய கதையாகிவிடும். 75 வாட்டுக்குள் அடங்கும் அட்டைகள் உண்டு. பெட்டி ஒல்லியானதாக இருந்தால் அட்டையும் குட்டையானதாக இருக்க வேண்டும்.

கழிவு விலையில் வாங்கி மேம்படுத்துவது ஏழையின் வழி என்று யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணினியை வெளியிட்டபோது, பிறர் செய்த அட்டைகளையும் செருகும்படி அதில் துளைகள் வைத்தது. சில ஆண்டுகளில், டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், கடைகளில் விற்காமல் தேங்கிய ஐ.பி.எம். கணினிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, நினைவகமும் வட்டியக்கியும் சேர்த்துத் தம் விடுதி அறையிலிருந்தே விற்றார். 1984இல் அதையே நிறுவனமாக்கினார். அவர் மைக்கேல் டெல். ஈப்போவுக்கு வடக்கே உள்ள பினாங்கில் அந்நிறுவனம் பின்னர் தொழிற்சாலை அமைத்தது. இன்டெல் அதற்கு முன்பே, 1972இல், தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே தொடங்கியிருந்தது. பழைய செயலியின் மேல் மூடியைத் துடைத்துப் பார்த்தால், சிலவற்றில் மலேசியாவைக் குறிக்கும் ‘மலாய்’ என்னும் ஆங்கிலச் சொல் பொறிக்கப்பட்டிருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கணினியை இயக்கிப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் செயலியின் முழுப் பெயர், நினைவகத் துளைகள் எத்தனை, அவற்றில் காலியானவை எத்தனை, சேமிப்பகம் எந்த வகை என்பன தெரியும். தேதியும் நேரமும் தவறாகக் காட்டும் கணினியைக் கண்டு அஞ்ச வேண்டாம். தாய்ப்பலகையில் உள்ள சி.ஆர்.2032 என்னும் காசு வடிவ மின்கலம் தீர்ந்திருக்கும். சில ரிங்கிட்டில் மாற்றிவிடலாம். அதைச் சொல்லி விலையையும் கொஞ்சம் குறைக்கலாம். இயங்கிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும் கணினியைத்தான் விட்டுவிட வேண்டும்.

பற்றுச்சீட்டில் செயலியின் எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பழைய பொருளாயின், அதன் விலைக்கும் வயதுக்கும் ஏற்ற தரம் எதிர்பார்க்கப்படும். கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. சமூக ஊடகத்தில் தம் சொந்தக் கணினியை விற்கும் தனியாள் வணிகர் அல்லர். அவரிடம் 50 ரிங்கிட் மலிவாக வாங்குபவர் இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தே வாங்குகிறார்.

வீட்டில் பெட்டியைத் திறக்கும்போது மின்செருகியைக் கழற்றிவிட்டு, உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்காமல் இருக்கும். மின்வழங்கியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. செருகியைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். கழற்றிய பழைய வன்தட்டு நன்றாக இருந்தால், படங்களையும் பாடக் குறிப்புகளையும் படியெடுத்து வைக்கலாம். மாலையில் இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அடைப்பது போதாது. செருகியையே கழற்ற வேண்டும். கம்பி வழி இணையம் இருந்தால் அந்தக் கம்பியையும் கழற்ற வேண்டும். மின்னல் அதன் வழியாகவும் வரும்.