அகல உழுவதைவிட ஆழ உழு: பிள்ளை வளர்ப்புக் காணொளியில் வருமானம் தரும் பாத்தி எது?



போன வருடம் எங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. மகப்பேறு விடுப்பு 98 நாள். 2023 ஜனவரிக்கு முன்னாடி தனியார் துறையில் இது 60 நாள்தான். கூடுதலாகக் கிடைத்த நாள்களில் வீட்டிலிருந்தே ஏதாவது சம்பாதிக்க வழி இருக்கா என்று அக்கா யோசித்தாங்க. "தம்பி, நீதான் இஞ்சினியரிங் படிக்கிறியே, ஒரு சேனல் ஆரம்பிச்சுக் கொடுடா" என்று கேட்டாங்க. நானும் ஆரம்பித்துக் கொடுத்தேன்.

ஆறு மாதத்தில் 80 காணொளி போட்டோம். பாப்பா சிரிக்கிறது, குளிக்கிறது, நர்சரிக்குக் கிளம்புறது, ஷோப்பியில் வாங்கின சாமான், தீபாவளி உடுப்பு, எல்லாமே. காசு ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு செய்தி வந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆள் அக்காவுக்கு எழுதியிருந்தார்: "பாப்பா அந்தப் பச்சை கேட் நர்சரியிலதானே இருக்கு?"

அன்று ராத்திரியே எல்லாக் காணொளியையும் நீக்கினோம். அக்கா அழுதாங்க. எனக்கும் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அந்த கேட்டைப் படம் பிடித்தவன் நான்தான்.

நம்மில் பலர் அக்காவுக்கோ அண்ணிக்கோ இப்படி உதவி செய்யக் கேட்கப்படுவோம். சிலர் நாளைக்குச் சொந்தமாகவே செய்வோம். அதனால் அந்த ராத்திரிக்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே பாடமாகத் தருகிறேன்.

1. நாங்கள் செய்த தவறு

தவறு இரண்டு. ஒன்று, 'பிள்ளை வளர்ப்பு' என்ற முழு நிலத்தையும் உழப் பார்த்தோம். யாருக்காகப் பேசுகிறோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. பார்க்கிறவங்க "பாப்பா அழகு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாங்க. மறுபடி வர அவங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. எங்க கடையில் விற்ற சரக்கே பாப்பாதான். அது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்று பெரியவங்க சொல்வாங்க. ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் ஒரு குறிப்பிட்ட தேவையைத்தான் 'நீஷ்' என்கிறார்கள். நாம் இந்தப் பாடத்தில் அதைப் 'பாத்தி' என்றே சொல்வோம். வயல் முழுக்க வேண்டாம், ஒரு பாத்தி போதும்.

2. பிள்ளைக்கா, பெற்றோருக்கா?

பலர் குழம்பும் இடம் இது. பிள்ளைகள் பார்க்கும் காணொளி வேறு, பெற்றோருக்கான காணொளி வேறு. பிள்ளைகளின் தகவல்களைத் திரட்டியதற்காக 2019 செப்டம்பரில் கூகிளும் யூடியூப்பும் அமெரிக்காவில் 170 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகு 2020 ஜனவரியிலிருந்து, 'பிள்ளைகளுக்கானது' என்று குறிக்கப்பட்ட காணொளியில் பார்ப்பவரின் விருப்பத்துக்கேற்ற விளம்பரம் வராது. கருத்துப் பகுதியும் மூடியிருக்கும். உறுப்பினர் சந்தாவும் கிடையாது.

தாலாட்டு, பொம்மை, எழுத்துப் பாட்டு என்று போனால் வருமானத்தின் பல கதவுகள் தொடக்கத்திலேயே சாத்தப்பட்டிருக்கும். பெற்றோரிடம் பேசினால் கதவு திறந்திருக்கும். அவங்க கேள்வி கேட்கலாம், நாம் பதில் சொல்லலாம். முடிவெடுப்பதும் காசு கொடுப்பதும் அவங்கதான்.

3. நான்கு சல்லடை

எங்க மண் ஆய்வகத்தில் சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி மண்ணைச் சலிப்போம். பாத்தி தேர்ந்தெடுப்பதையும் அப்படியே செய்யலாம்.

முதல் சல்லடை: கேள்வி திரும்பத் திரும்ப வருதா? வாட்ஸ்அப் குழுவில், கோயிலில், கிளினிக்கில் காத்திருக்கும்போது தாய்மார் என்ன கேட்கிறாங்க என்று 50 கேள்வி எழுதுங்கள். அவங்க சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பிறகு யூடியூப் தேடலில் முதல் இரண்டு சொல்லை அடித்து, அது தானாக நீட்டிக் காட்டுவதைப் பாருங்கள். கூகிள் டிரெண்ட்ஸில் மலேசியாவை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம், காசு வேண்டாம்.

இரண்டாவது: அதற்காக மக்கள் ஏற்கெனவே செலவு செய்கிறார்களா? ஷோப்பியில் அந்தப் பொருளைத் தேடுங்கள். எத்தனை விற்றிருக்கிறது என்று அங்கேயே தெரியும். அதைவிட முக்கியம், ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் கொடுத்தவங்க எழுதிய குறைகள். அங்கேதான் உங்கள் காணொளிக்கான தலைப்பு இருக்கும்.

மூன்றாவது: நமக்கு நேரடி அனுபவம் இருக்கா? நமக்குப் பிள்ளை இல்லையென்றால் அனுபவம் அக்காவுடையதாகவோ அண்ணியுடையதாகவோ இருக்க வேண்டும். நாம் படம் பிடிக்கலாம், வெட்டி ஒட்டலாம், கணக்குப் பார்க்கலாம். தாய்க்கு அறிவுரை சொல்லும் குரல் நம்முடையதாக இருக்கக்கூடாது.

நான்காவது: பிள்ளையின் முகம், பெயர், போகுமிடம் மூன்றையும் காட்டாமல் இதைச் செய்ய முடியுமா? முடியாது என்றால் அந்தப் பாத்தி வேண்டாம். முதல் மூன்றில் எவ்வளவு நன்றாகத் தேறியிருந்தாலும் வேண்டாம்.

4. மூன்று பாத்தியைச் சலித்துப் பார்த்தோம்

கரும்புத் தொட்டில்: வேண்டுதலுக்காகத் தைப்பூசத்தில் குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் சுமப்பது, முடி இறக்குவது. பத்துமலையில் 272 படி. வெயில், கூட்டம், பால் கொடுக்க இடம், தொட்டில் கட்டும் முறை என்று கேள்விகள் நிறைய. ஆனால் ஆண்டில் இரண்டு மாதம்தான் தேடுவாங்க. ஒரு நல்ல தொடருக்குப் போதும், முழுச் சேனலுக்குப் போதாது.

முதலாம் ஆண்டுக்குத் தயாராவது: தமிழ்ப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் வருடா வருடம் புதிதாக வருகிறார்கள். பயிற்சித் தாளுக்குச் செலவும் செய்கிறார்கள். அருமையான பாத்தி. ஆனால் எங்க பாப்பாவுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. மூன்றாவது சல்லடையில் நின்றுவிட்டது. பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கும் உங்க அக்காவுக்கு இது பொருந்தும்.

சைவக் குடும்பத்தில் முதல் உணவு: ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், பிறகு தாய்ப்பாலோடு மற்ற உணவும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம்ம ஊரில் முதல் உணவு என்றதும் எல்லாரும் மீன் கஞ்சி, கோழிக் கஞ்சிதான் சொல்வாங்க. சைவக் குடும்பம் என்ன செய்யும்? பிறக்கும்போது குழந்தை உடம்பில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறு மாதவாக்கில் குறையத் தொடங்கும். அதைப் பருப்பு, கீரை, டெம்பே, தௌஃபூவில் எப்படிக் கொடுப்பது? கூடவே பப்பாளியோ கொய்யாவோ கொடுத்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். வேலைக்குப் போகும் தாய் காலை ஆறு மணிக்குள் இதைச் சமைத்து நர்சரிக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

அக்காவின் 50 கேள்வியில் 17 இந்தப் பக்கம்தான் விழுந்தது. அவங்க தினமும் செய்கிற வேலையும் இதுதான். நான்கு சல்லடையும் தாண்டியது.

5. கணக்கு

யூடியூப் விளம்பரத்தில் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரர் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் குறும்காணொளி ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 4000 மணி என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்று வையுங்கள். 60,000 பார்வை வேண்டும். அதுவும் வாசல்வரை வருவதற்குத்தான். உள்ளே போன பிறகு நீண்ட காணொளியின் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு நமக்கு.

இன்னொரு வழி, பொருளைப் பரிந்துரைத்துக் கழிவு வாங்குவது. 70 வெள்ளி உணவுக் குடுவைக்கு 5 விழுக்காடு கழிவு என்று வைத்தால் 3 வெள்ளி 50 காசு. மாதம் 20 பேர் வாங்கினால் 70 வெள்ளி.

மூன்றாவது வழி, நாமே ஒன்றைச் செய்து விற்பது. '30 நாள் சைவ உணவு அட்டவணை' என்ற கையேடு, விலை 15 வெள்ளி. 40 பேர் வாங்கினால் 600 வெள்ளி. இந்த 40 பேரைப் பிடிக்க 60,000 பார்வை தேவையில்லை. சரியான 300, 400 தாய்மார் போதும். பாத்தி சின்னதாக இருந்தாலும் வருமானம் வருவது இப்படித்தான்.

பத்துக் காணொளி போட்டு 30 நாள் பாருங்கள். 'லைக்' எண்ணிக்கையை விடுங்கள். எத்தனை பேர் சேமித்துவைத்தாங்க, எத்தனை பேர் இன்னொரு தாய்க்கு அனுப்பினாங்க, எத்தனை பேர் அடுத்த கேள்வி கேட்டாங்க? இந்த மூன்றும் ஏறவில்லை என்றால் பாத்தியை மாற்றலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

6. வரப்பு

பாத்திக்கு வரப்பு வேண்டும். திருவள்ளுவர் பொருட்பாலை அறத்துப்பாலுக்கு அடுத்துத்தான் வைத்தார். நாமும் அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

மருந்து விளம்பரம்: "இந்த எண்ணெய் பூசினால் எக்ஸிமா போயிடும்" என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லாதீர்கள். மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டம் 1956 நம்ம நாட்டில் இருக்கிறது. மருத்துவப் பலன் சொல்லும் விளம்பரத்துக்கு அனுமதி வேண்டும்.

பால் மாவு: தாய்ப்பாலுக்குப் பதிலான பொருள்களை எப்படி விளம்பரம் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1981-லேயே நெறிமுறை கொண்டுவந்தது. மலேசியாவிலும் அதற்கென்று நெறிமுறை உண்டு. பெரிய தொகை கொடுத்தாலும் படித்துப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பாட்டி வைத்தியம்: பிறந்த குழந்தை நாக்கில் தேன் தொட்டுவைக்கும் பழக்கம் பல வீட்டில் இருக்கு. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கக்கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி குழந்தைக்கு ஆபத்து. இதைச் சொன்னால் பாட்டி மனம் நோகுமே என்று அக்கா தயங்கினாங்க. கடைசியில் பாட்டியிடமே கேட்டோம். "அப்ப எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லம்மா, நீ சொல்லு" என்றாங்க. வழக்கத்தின் பின்னால் இருக்கும் அன்பை மதிக்கலாம், ஆபத்தையும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

பதிவும் வரியும்: வருமானம் வரத் தொடங்கினால் எஸ்எஸ்எம்-இல் பதிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60. வருமான வரிப் பாரத்திலும் இந்த வருமானத்தைக் காட்ட வேண்டும்.

பிள்ளையின் பங்கு: பிரான்ஸ் 2020-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2024 ஜூலையிலிருந்து ஒன்று நடப்பில் இருக்கிறது. இரண்டிலும் கருத்து ஒன்றுதான்: காணொளியில் வரும் பிள்ளைக்கும் அந்தக் காசில் உரிமை உண்டு, அதை அவர்களுக்காகச் சேர்த்துவைக்க வேண்டும். சட்டம் சொல்லித்தானா நமக்குத் தெரிய வேண்டும்? பேச்சு வராத குழந்தையிடம் நாம் சம்மதம் கேட்க முடியாது. கேட்க முடியாத இடத்தில் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அறம்.

இப்போது அக்காவின் காணொளியில் தெரிவது இரண்டு கை, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. கையேட்டைக் கிளினிக்கில் ஊட்டச்சத்து அதிகாரியிடம் காட்டி, அவர் சொன்ன இரண்டு இடத்தைத் திருத்திய பிறகுதான் விற்றோம். முதல் மாதம் 11 பேர் வாங்கினாங்க. 165 வெள்ளி. பெரிய தொகை இல்லை. ஆனால் அன்று ராத்திரி அக்கா நிம்மதியாகத் தூங்கினாங்க.

அடுத்த வகுப்புக்கு முன் செய்ய வேண்டியவை

1. உங்கள் குடும்பத்திலோ கோயிலிலோ மூன்று தாய்மாரிடம் பேசி, அவங்க சொன்ன சொல்லிலேயே 20 கேள்வி எழுதுங்கள். அப்பாமாரையும் கேளுங்கள், அவங்களுக்கும் கேள்வி இருக்கும்.

2. ஒத்த கேள்விகளைச் சேர்த்து மூன்று பாத்தியாகப் பிரித்து, நான்கு சல்லடையிலும் சலியுங்கள்.

3. உங்கள் கைப்பேசியில் நீங்கள் போட்ட அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை படங்களைத் திறந்து பாருங்கள். எத்தனை படத்தில் பள்ளிப் பெயரோ வீட்டு எண்ணோ கேட்டோ தெரிகிறது? முதலில் அவற்றை நீக்குங்கள்.

மூன்றாவதை இன்றைக்கே செய்துவிடுங்கள். மற்ற இரண்டையும் வகுப்பில் சேர்ந்து பார்ப்போம்.